பழைய நோட்ட மூடி வச்ச 16 வாரம்: பத்து வருஷ கேப்புக்கு அப்புறம் வெயிட் தூக்க வந்த ஒரு அண்ணனோட கேஸ்

போன டிசம்பர் முதல் வாரம், காலைல அஞ்சரை மணி, வெளிய நல்ல பனி, ஒரு அண்ணன் ஜிம்முக்குள்ள வந்தாரு, கையில ஒரு நாப்பது பக்க பள்ளிக்கூட நோட்டு. கிருஷ்ணகிரில ராயக்கோட்டை ரோட்டு பக்கம் நாங்க நடத்துறது சின்ன ஜிம்தான், ஏசி கிடையாது, கண்ணாடி ஒன்னே ஒன்னுதான் இருக்கு. அவரு நோட்ட தொறந்து காட்டுனாரு. 2013ல எழுதினது, பேனா மை பாதி அழிஞ்சு போயிருக்கு, ஸ்குவாட் (ராட தோள்ல வச்சு உக்காந்து எந்திரிக்கிறது) 150 கிலோ, பெஞ்ச் (மல்லாக்க படுத்து ராட மேல தள்ளுறது) 100, டெட்லிஃப்ட் (தரைலருந்து ராட தூக்கி நிக்கிறது) 180, அப்ப உடம்பு வெயிட் 74 கிலோ. 2014ல கல்யாணம், வேலை, புள்ளைங்கன்னு நிறுத்தினவரு. இப்ப வயசு 42, வெயிட் 81, வயிறு சுத்தளவு 96 செ.மீ. "மாஸ்டர், இதுல பாதிலருந்து ஆரம்பிச்சுடலாம்ல, அது ஒன்னும் ஜாஸ்தி இல்லையே"ன்னு கேட்டாரு.

இந்த கேள்விய என்கிட்ட வருஷத்துக்கு ஒரு பத்து பேராச்சும் கேக்குறாங்க. அதனாலதான் அவரோட சம்மதம் வாங்கிட்டு, பேரு போடாம, 16 வாரமும் என்ன பண்ணோம், எங்க நான் தப்பு பண்ணேன்னு முழுசா எழுதுறேன்.

அந்த பாதி கணக்கு எங்க இடிக்குதுன்னா, தசையும் தசைநாரும் ஒரே வேகத்துல திரும்பி வர்றதில்ல. ஒரு தடவ நல்லா வளந்த தசை திரும்ப வளர்றது புதுசா வளர்றத விட சீக்கிரம், இத பழைய ஆளுங்கள வச்சு எல்லா மாஸ்டருமே பாத்திருப்பாங்க. நார்வேல ஆஸ்லோ யுனிவர்சிட்டில கிறிஸ்டியன் குண்டர்சன் குழு 2010ல எலிங்க மேல செஞ்ச ஆராய்ச்சில, வேலை குடுத்து தசை பெருக்கும்போது தசை செல்லுக்குள்ள சேர்ற புது உட்கருக்கள், அப்புறம் தசை சுருங்கினாலும் உள்ளயே தங்கிடுதுன்னு காட்டினாங்க, திரும்ப சீக்கிரம் வளர அது காரணமா இருக்கலாம்னாங்க. மனுஷங்கள்ல இது எவ்ளோ தூரம் பொருந்தும்னு இன்னும் வாதம் ஓடிட்டுதான் இருக்கு. ஆனா எலும்பையும் தசையையும் கட்டி வைக்கிற தசைநார் இருக்கே, அதுக்கு ரத்த ஓட்டம் கம்மி, அது மெதுவாதான் கெட்டிப்படும். அதனால பழைய ஆளுக்கு நாலாவது வாரத்துலயே தெம்பு வந்துடும், முழங்கையும் முட்டியும் இன்னும் தயாராகியிருக்காது. புதுசா வர்றவனுக்கு இந்த ஆபத்து கம்மி, ஏன்னா அவனால அவ்ளோ வெயிட் தூக்கவே முடியாது.

அண்ணன் ஏற்கனவே ஒரு தடவ அடி வாங்கினவரு. அதுக்கு முந்தின வருஷம் வேற ஒரு ஜிம்முல சேந்து முதல் நாளே ஃப்ரெண்டு கூட போட்டி போட்டு பெஞ்சு, புல்அப்பு, தண்டால்னு ரெண்டு மணி நேரம் பண்ணியிருக்காரு. அடுத்த நாலு நாளு சட்ட பட்டன் போட முடியல, கை மடங்கல, தலை சீவ சம்சாரம்தான் உதவி பண்ணியிருக்காங்க. அதோட எட்டு மாசம் ஜிம் பக்கமே போகல. அவரு தப்பிச்சாருன்னுதான் சொல்லணும். இந்த மாதிரி வேலைல தசை ஒடைஞ்சு ரத்தத்துல கலந்து கிட்னிய பாதிக்கிற ராப்டோமயோலிசிஸ்னு ஒன்னு இருக்கு, யூரின் டீ டிகாஷன் கலர்ல போகும், தசை கல்லு மாதிரி வீங்கும். அப்படி இருந்தா தண்ணி குடிச்சா சரியாயிடும்னு வீட்டுல இருக்கக்கூடாது, அன்னைக்கே ஆஸ்பத்திரி போகணும். அமெரிக்கால காலேஜ் வீரர்கள் லீவு முடிஞ்சு திரும்புற முதல் வாரங்கள்லதான் இந்த கேஸுங்க நிறைய வருதுன்னு பாத்துட்டு, அங்க ஸ்ட்ரெங்த் கோச்சுங்களோட ரெண்டு அமைப்பு சேந்து 2019ல ஒரு வழிகாட்டி போட்டாங்க. ஓட்டம் மாதிரி பயிற்சிய முதல் வாரம் வழக்கமான அளவுல 50 சதவீதம் குறைக்கணும், அடுத்தடுத்த வாரங்கள்ல அந்த குறைப்பு 30, 20, 10 சதவீதம்னு இறங்கணும், வெயிட்டு முதல் வாரம் மூணு நாளுக்கு மேல வேண்டாம்னு அதுல இருக்கு. அது கொஞ்ச வாரம் லீவு எடுத்த இளவட்டங்களுக்கு சொன்னது. பத்து வருஷம் விட்ட 42 வயசுக்காரருக்கு பாதிங்குறதே ஜாஸ்தி.

தூக்குறதுக்கு முன்னாடி ஒரு வாரம் நான் ராட தொடவே விடல. முதல்ல டாக்டர். பிரஷர் 138/88, மூணு மாச சராசரி சுகர் 5.9, அதாவது சர்க்கரை நோய் இல்ல, ஆனா வாசல்ல நிக்குது. வெயிட் தூக்கலாம், மூச்ச அடக்கி முக்குற அளவுக்கு இப்ப வேண்டாம், ஆறு வாரம் கழிச்சு திரும்ப பாக்கலாம்னு டாக்டர் சொன்னாரு.

அடுத்து நான் எல்லார்கிட்டயும் கேக்குற கேள்வி, சின்ன வயசுல எந்த ஊரு தண்ணி குடிச்சீங்க. வெளியூர் ஆளுங்களுக்கு இது விசித்திரமா தெரியலாம். நம்ம தர்மபுரி கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் போர் தண்ணில ஃபுளோரைடு ஜாஸ்தி இருக்குற ஊருங்க எவ்ளோ இருக்குன்னு இங்க பொறந்தவங்களுக்கு தெரியும், அதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டமே வந்துச்சு, 2013ல தொறந்தாங்க. குடிதண்ணில லிட்டருக்கு ஒன்னரை மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதுங்குறது இந்திய தர அளவு. வருஷக்கணக்குல ஜாஸ்தி போச்சுன்னா பல்லு கறையோட நிக்காம எலும்பு, முதுகுத்தண்டு, மூட்டு எல்லாம் இறுகும். அண்ணன் பென்னாகரம் பக்கம் போர் தண்ணில வளந்தவரு, முன்பல்லுல லேசா பழுப்பு கோடு இருக்கு, கழுத்து காலைல இறுக்கமா இருக்குன்னு வேற சொன்னாரு. டாக்டர்கிட்ட இதையும் சொல்ல சொல்லி எக்ஸ்ரே எடுத்து பாத்தோம், எலும்பு நல்லாதான் இருந்துச்சு. பத்து வருஷம் உக்காந்த இறுக்கம்தான் அது. ஆனா இங்க ஜிம் நடத்துறவங்க இந்த கேள்விய கேக்காம ஒருத்தர் தோள்ல ராடு வைக்கக்கூடாதுங்குறது என்னோட உறுதியான எண்ணம்.

இன்னொன்னும் அந்த வாரத்துல பண்ணோம். அவரு மாம்பழக்கூழ் ஃபேக்டரில சூப்பர்வைசர், அங்க இருக்குற எடை மெஷின்ல எங்க பிளேட்டு எல்லாத்தையும் ஒரு ஞாயித்துக்கிழமை எடை போட்டோம். 10னு போட்டிருந்த ஒரு பிளேட்டு 9.1, அதோட ஜோடி 10.6. லேத்துல பண்ணின உள்ளூர் ராடு 20னு நெனச்சுட்டு இருந்தது 14 தான். ரெண்டரை கிலோ ரெண்டரை கிலோவா ஏத்துறேன்னு எழுதிட்டு இருக்குறோம், பிளேட்டே ஒன்னரை கிலோ மாறுதுன்னா அந்த கணக்குக்கு என்ன அர்த்தம். பெயிண்ட்ல சரியான எடைய எழுதிட்டோம். எந்த ஊரு சின்ன ஜிம்மா இருந்தாலும் இத ஒரு தடவ பண்ணிடுங்க.

பழைய நோட்ட அவருகிட்டருந்து வாங்கி என் பீரோல வச்சுட்டேன். அவருக்கு அது பிடிக்கல, முகத்துலயே தெரிஞ்சுது. ஜிம்முக்குள்ள மாஸ்டர்னு கூப்புடுறவரு, மனசு கஷ்டப்பட்டா தம்பின்னு மாறிடுவாரு. "தம்பி, அதுதான் என் அடையாளம், அத பாத்தாதான் எனக்கு வெறி வரும்"னாரு. அந்த வெறிதான் போன தடவ சட்ட பட்டன் போட முடியாம பண்ணுச்சுன்னு சொன்னேன்.

முதல் ரெண்டு வாரம் திங்கள், புதன், சனி. மூணு நாளும் முழு உடம்பு. நெஞ்சுக்கு ஒரு நாளு, கைக்கு ஒரு நாளுன்னு பிரிக்கிறத நான் வேண்டாம்னேன், ஏன்னா திரும்பி வர்றவருக்கு முதல்ல தேவை அந்த அசைவு பழகுறது, ஸ்குவாட்ட வாரம் ஒரு தடவ நெறைய பண்றத விட மூணு தடவ கொஞ்சமா பண்ணா வலியும் கம்மி, பழக்கமும் சீக்கிரம் வரும். ஸ்குவாட் 40 கிலோ, பெஞ்ச் 30, ரெண்டு செட்டு, ஒவ்வொரு செட்டுக்கும் எட்டு ரெப்ஸ், அதாவது நிறுத்தாம எட்டு தடவ. டெட்லிஃப்ட் வாரத்துக்கு ஒரே நாள், 50 கிலோ, தரைலருந்து எடுக்காம கட்டை மேல வச்சு உயரத்துல இருந்து எடுத்தாரு, ஏன்னா தொடை பின்பக்கம் அவ்ளோ இறுக்கம். ஒவ்வொரு செட்டும் முடியும்போது இன்னும் நாலஞ்சு ரெப்ஸ் போடலாம்ங்குற நிலைல நிறுத்தணும், அதுதான் சட்டம். இந்த மிச்ச ரெப்ஸ் கணக்க நான் ரொம்ப நம்புறேன். பத்து வருஷத்துக்கு அப்புறம் சதவீதம் போட அவரோட இன்னைய மேக்ஸ், அதாவது ஒரே ஒரு தடவ தூக்க முடிஞ்ச அதிகபட்ச வெயிட், என்னன்னு யாருக்கும் தெரியாது, அத டெஸ்ட் பண்ணி கண்டுபுடிக்கிறதுதான் முதல் காயத்துக்கு வழி. மிச்ச ரெப்ஸ் அந்தந்த நாளு உடம்ப வச்சு வரும், முந்தின நாள் நைட் ஷிஃப்ட்டுன்னா தானா வெயிட் கொறையும்.

ஒரு நாள் செஷன் எப்படி ஓடுச்சுன்னு விவரமா சொல்றேன், ஏன்னா நெறைய பேர் எக்ஸர்சைஸ் லிஸ்ட்ட மட்டும் வாங்கிட்டு போறாங்க, வரிசையும் ரெஸ்ட்டும் கேக்குறதே இல்ல. டிசம்பர் குளிர்ல அஞ்சரை மணிக்கு உடம்பு மரக்கட்டை மாதிரி இருக்கும், அதனால முதல் பத்து நிமிஷம் வேக நடை, அப்புறம் இடுப்பு கணுக்கால் தோள அசைக்கிறது, அப்புறம் வெறும் ராடு. ஆறாவது வாரம் 90 கிலோ தூக்கும்போது வார்ம்அப் இப்படி போச்சு, 20ல எட்டு, 40ல அஞ்சு, 60ல மூணு, 75ல ரெண்டு, அப்புறம்தான் 90. மேல போக போக ரெப்ஸ் கொறையணும், இல்லன்னா மெயின் செட்டுக்கு வரும்போதே களைச்சு போயிடுவாங்க. முதல்ல ஸ்குவாட், அடுத்து பெஞ்ச், அடுத்து குனிஞ்சு இழுக்குற ரோ, இல்ல டெட்லிஃப்ட் நாளா இருந்தா டெட்லிஃப்ட். கடைசில ரெண்டு கையிலயும் டம்பல் புடிச்சுட்டு நடக்குறது, பிளாங்க், அதாவது முன்கையும் கால்விரலும் ஊனி உடம்ப நேரா புடிச்சு நிக்கிறது. மெயின் செட்டுக்கு நடுவுல மூணு நிமிஷம் கண்டிப்பா ரெஸ்ட். இதுக்குத்தான் அவரு கூட அதிகம் சண்டை, "சும்மா உக்காந்துட்டு இருக்கேன், வேர்வையே வரல"ம்பாரு. அடுத்த செட்ட முழு பலத்தோட எடுக்கத்தான் இந்த மூணு நிமிஷம். வேர்க்கணும்னா சாயங்காலம் கே.ஆர்.பி. டேம் பக்கம் போய் நடங்க அண்ணான்னு சொன்னேன், அவரும் வாரம் மூணு நாளு போனாரு. மொத்தம் அறுபத்தஞ்சு நிமிஷத்துல வெளிய.

இவ்ளோ பொறுமை எதுக்குன்னு இளவட்ட பசங்க கேப்பாங்க. வெயிட்ட படிப்படியா ஏத்துற முறைய ஒழுங்கா எழுதி வச்சவரே ஒரு டாக்டர்தான், ரெண்டாம் உலகப்போர்ல காயம்பட்ட வீரர்களுக்கு போன பலத்த திரும்ப கொண்டு வர. அமெரிக்க ராணுவ டாக்டர் தாமஸ் டிலோர்ம், 1945ல அத எழுதினாரு, அப்புறம் 1948ல வாட்கின்ஸ்ங்குறவரோட சேந்து மூணு செட்டா சுருக்கினாரு, பத்து ரெப்ஸ் போட முடிஞ்ச வெயிட்ட எடுத்துட்டு முதல் செட்டு அதுல பாதி, ரெண்டாவது முக்கால், மூணாவதுதான் முழுசு. விட்டுப்போன பலத்த திரும்ப கொண்டு வர பொறந்த முறை அது, நம்ம அண்ணனோட தேவையும் அதேதான்.

மூணாவது வாரத்துலருந்து மூணு செட்டு, அஞ்சு ரெப்ஸ், மிச்சம் மூணு. இங்க ஆரம்பிச்சுது ஓட்டம். ஸ்குவாட் 60, 70, 80, 90ன்னு வாரத்துக்கு பத்து கிலோ ஏறுச்சு, பெஞ்ச் 60 வந்துச்சு, டெட்லிஃப்ட் 100. முதுகு நேரா, ஆழம் சரியா, ஒவ்வொரு ரெப்பும் அழகு. ரெண்டு பேருக்கும் சந்தோஷம். என் தப்பு இங்கதான். முதல்ல நான் சொன்ன அதே விஷயத்த, தசை முன்னாடி ஓடும் தசைநாரு பின்னாடி வரும்னு சொன்னத, நானே மறந்துட்டு அவரு முகத்துல சிரிப்ப பாத்து ஒவ்வொரு வாரமும் பத்து கிலோ ஏத்திட்டே இருந்தேன். மூணு ரெப்ஸ் மிச்சம் இருக்கேன்னு தைரியம். மிச்ச ரெப்ஸ் தசையோட நிலைமையத்தான் சொல்லும், முழங்கை தசைநாரோட நிலைமைய அது சொல்லாது.

பொங்கலுக்கு ஊருக்கு போயிருக்காரு. பசங்களுக்கு கரும்ப முட்டிக்கால்ல வச்சு ஒடிக்கும்போது வலது முழங்கை உள்பக்கம் சுருக்குன்னு புடிச்சிருக்கு. திரும்பி வந்து கேட்டா ஆறாவது வாரத்துலருந்தே லேசா இருந்துச்சாம், சொன்னா நான் வெயிட்ட கொறைச்சுடுவேன்னு சொல்லலையாம். கவனிச்சு பாத்தா காரணம் பெஞ்ச் மட்டும் இல்ல, ஸ்குவாட்தான் பெரிய காரணம். தோள் இறுக்கமா இருக்குறதால ராட முதுகுல கீழ வச்சு புடிக்கும்போது மணிக்கட்டு பின்னாடி வளைஞ்சு, பாரத்துல ஒரு பங்கு முழங்கை வழியா இறங்குது. 40 கிலோல அது தெரியல, 90ல தெரிஞ்சுது. நான் கை எங்க இருக்குன்னு பாக்காம ஆழத்தையே பாத்துட்டு இருந்திருக்கேன்.

நிறைய இடத்துல இந்த நேரத்துல ஒரு மாசம் முழு ரெஸ்ட்டுன்னுடுவாங்க, நான் அத ஒத்துக்கல, டாக்டரும் பாத்துட்டு கிழிசல் எதுவும் இல்ல, பாரத்த கொறைச்சு தொடரலாம்னாரு. தசைநாரு முழு ஓய்வுல இன்னும் பலம் கொறையும், அதுக்கு தாங்குற அளவு பாரம் வேணும். ராட கழுத்துக்கு கீழ மேல்முதுகுல மேல வச்சோம், ஸ்குவாட் 90லருந்து 75க்கு வந்துச்சு, பெஞ்சுக்கு பதிலா உள்ளங்கை ஒன்ன ஒன்னு பாக்குற மாதிரி டம்பல் பிரெஸ், ரோவும் அதே புடி. கூடவே மேசை மேல முன்கைய வச்சு சின்ன டம்பல ரொம்ப மெதுவா ஏத்தி எறக்குறது, மேல மூணு எண்ணம் கீழ மூணு எண்ணம், ரெண்டு நாளைக்கு ஒரு தடவ. வலிய பத்துக்கு எத்தனைன்னு கேட்டு எழுதுனோம். செய்யும்போது மூணு வரைக்கும் சரி, ஆனா மறுநாள் காலைல பழைய நிலைக்கு வந்திருக்கணும், வரலன்னா அடுத்த தடவ கொறைக்கணும். ரெண்டு வாரத்துல நாலுலருந்து ஒன்னுக்கு வந்துச்சு. முழுசா போக பதினோராவது வாரம் ஆச்சு.

ஒம்பதாவது வாரத்துலருந்து வாரத்தோட அமைப்பையே மாத்திட்டேன். திங்கள் கனமான நாள், அஞ்சு செட்டு மூணு ரெப்ஸ், மிச்சம் ரெண்டு. புதன் லேசு, திங்கள் தூக்கினதுல முக்கால் பங்கு, அஞ்சு ரெப்ஸ் மூணு செட்டு, எந்த சிரமமும் இல்லாம. சனி நடுத்தரம், அன்னைக்குத்தான் டெட்லிஃப்ட். கனம் லேசு நடுத்தரம்ங்குற இந்த வரிசை அமெரிக்க கோச் பில் ஸ்டார் பரப்புனது, இன்னைக்கும் நாப்பது வயசுக்கு மேல வேலைக்கு போற ஆளுங்களுக்கு இத விட நல்ல அமைப்ப நான் பாக்கல. முக்கியமா புதன்கிழமைய நான் யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன். லேசா இருக்கேன்னு அன்னைக்கு ஏத்துனா அடுத்த திங்கள் தூக்க முடியாது, அண்ணன் ஒரு தடவ எனக்கு தெரியாம ஏத்தி அடுத்த திங்கள் ரெண்டாவது செட்லயே நின்னுட்டாரு. இப்ப ஏத்துனது வாரத்துக்கு அஞ்சு கிலோதான். ஸ்குவாட் 85, 90, 95, 100. பதிமூணாவது வாரம் வெயிட்ட பெருசா கொறைக்காம செட்ட மட்டும் பாதியாக்கி ஓய்வு குடுத்தோம்.

சாப்பாட்டுல ஒன்னு மட்டும் மாத்துனோம். களியும் கீரக்கொழம்பும் நல்ல சாப்பாடுதான், கேழ்வரகுல சுண்ணாம்புச்சத்து நெறைய, ஆனா 100 கிராம் மாவுல புரோட்டீன் 7 கிராம்தான். அவரு நாளைக்கு மொத்தமா அம்பது கிராம் சுத்திதான் சாப்டுட்டு இருந்தாரு. காலைல நாலு முட்டை, அதுல 24 கிராம். மத்தியானம் கொள்ளு 50 கிராம் வேகவச்சு மசிச்சு களிக்கு தொட்டுக்க, அதுல 11. சாயங்காலம் ஒரு கை வேர்க்கடலை, ராத்திரி சோயா உருண்டை இல்லன்னா கோழி. நூறு கிராம தாண்டுச்சு. பவுடர் டப்பா எதுவும் வாங்கல, அந்த காசுல முட்டை வாங்குங்கன்னேன். ராத்திரி பரோட்டாவ அவரே நிறுத்திட்டாரு.

பதினாறாவது வாரம், மார்ச் கடைசி. ஒரு ரெப் மேக்ஸ் டெஸ்ட் பண்ணல, அந்த ஆபத்து தேவையில்ல, மூணு ரெப்ஸ்தான். ஸ்குவாட் 120, பெஞ்ச் 75, டெட்லிஃப்ட் 140. ஒரு ரெப் மேக்ஸ தூக்காமலே மதிப்பிடுற எப்லி கணக்குப்படி, அதாவது ரெப்ஸ முப்பதால வகுத்து ஒன்னு கூட்டி வெயிட்டோட பெருக்குனா, ஸ்குவாட் 132, பெஞ்ச் 82.5, டெட்லிஃப்ட் 154 வரும். நோட்டுல இருக்குற ஸ்குவாட்டுல 88 சதவீதம், பெஞ்ச்ல 82.5, டெட்லிஃப்ட்ல 86. பெஞ்ச் பின்தங்க முழங்கைதான் காரணம், அது என் கணக்குல. வெயிட் 79, வயிறு 91. பிரஷர் 128/82, சுகர் 5.6, ஆனா இத வெயிட்டு மட்டும் பண்ணுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், டேம் பக்கம் நடந்ததும் பரோட்டா நின்னதும் சேந்துதான். முதல் ஆறு வாரத்துல ஸ்குவாட் அம்பது கிலோ ஏறுச்சு, அடுத்த பத்து வாரத்துல முப்பதுதான் ஏறுச்சு. திரும்ப இதே மாதிரி ஒருத்தர் வந்தா நாலாவது வாரத்துலயே அஞ்சு கிலோ வேகத்துக்கு எறக்கிடுவேன், மிச்ச ரெப்ஸ் எத்தன இருந்தாலும் சரி.

அன்னைக்கு நோட்ட எடுத்து குடுத்தேன். வாங்கி கடைசி பக்கத்துல புது தேதி போட்டு எழுதுனாரு, பழைய பக்கத்த திருப்பல.

அடுத்த பயம் மே மாசம். பெங்களூரா மாங்கா வரத்து ஆரம்பிச்சா ஃபேக்டரில ஜூலை வரைக்கும் நேரம் காலம் கிடையாது, 2014ல அவரு நின்னதும் ஒரு சீசன்லதானாம். சேத்து வச்ச பலத்த தக்க வைக்க ரொம்ப கம்மி வேலை போதும், வாரத்துக்கு ஒன்னு ரெண்டு நாள், ஒன்னு ரெண்டு செட்டு, வெயிட் மட்டும் கொறையக்கூடாது, செட்ட எவ்ளோ வேணா வெட்டலாம். அதனால சீசனுக்குன்னு தனியா ஒரு அட்டை எழுதி குடுத்தேன், வாரம் ரெண்டு நாள், நாப்பது நிமிஷம், ஸ்குவாட் பெஞ்ச் ஒரு நாள், டெட்லிஃப்ட் ரோ ஒரு நாள், வேற ஒன்னும் வேண்டாம். ஜூன்ல ஒரு வியாழக்கிழமை ராத்திரி ஷட்டர் பாதி எறக்கியாச்சு, அண்ணன் வந்து நின்னாரு, சட்டை முழுக்க மாம்பழ வாசனை. வார்ம்அப் பண்ணி 100ல மூணு மூணா ரெண்டு செட்டு ஸ்குவாட், பெஞ்ச் ரெண்டு செட்டு, முழங்கை எப்படின்னு கேட்டேன், கைய நீட்டி மடக்கி காட்டிட்டு திரும்ப ஷிஃப்ட்டுக்கு போயிட்டாரு.